நடுப்பகல் கூடாரம்

அத்தியாயம் பதினொன்று

அன்று காலை துணி வெட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் வருமாறு. ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்தபடி அத்தை. அவளுக்கு எதிரே, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் குதிரை ஏறியதுபோல மாமா. தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில், எந்த நேரமும் எழுந்து போக வசதியாக, ஸ்டூலின் நுனியில் திரைக்காரி. வாசலை ஒட்டிய நாற்காலியில், சட்டைக் காலரில் மாவு ஒட்டியிருக்க, கண் பாதி மூடிய நிலையில் ரொட்டிக்காரர். மேசைக்கு அடியில் பட்டாணி.

பட்டாணியை யாரும் அங்கே உட்காரச் சொல்லவில்லை. திரைக்காரிக்கும் ரொட்டிக்காரருக்கும் மகள், நாலு வயது. மேசைக்கடியில் விழும் துணித் துண்டுகள் எல்லாம் தனக்கே சொந்தம் என்று அவள் எப்போதோ பட்டா போட்டுக்கொண்டுவிட்டாள். ஆகவே அது அவளுடைய இடம்.

அத்தை ரொட்டிக்காரரின் அக்கா. ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ். படிக்கட்டைப் பார்த்தால் அவளுக்குப் படிக்கட்டு தெரியாது, அதிலிருந்து விழப்போகிறவர்கள்தான் தெரிவார்கள். மாமா திரைக்காரியின் தம்பி. கார் ஓட்டச் சொல்லித் தருபவன். சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதும் யாராவது வேகமாக எதையாவது சொன்னால் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

பேச்சு எதைப் பற்றி என்பது சென்ற வாரமே தெரிந்ததுதான். வகுப்பில் யாரோ ஒரு பையன் கூடாரத்தில் தூங்கிய கதையைச் சொல்லப்போக, பட்டாணி வீட்டுக்கு வந்து அதே பிடியாக நின்றாள். திரைக்காரியும் "சரி, போகலாம்" என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு நாடக அரங்குக்குத் தைத்த திரையில் மிஞ்சிய துணியை எடுத்துக் கூடாரமும் தைத்து முடித்தாள். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போயிற்று.

ஆனால் கூடாரம் தைத்து முடித்த அன்றைக்கு வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் ஷூவுக்குக் கயிறு கட்டியபடி, நிமிராமலேயே ரொட்டிக்காரர் ஒரு வார்த்தை சொன்னார்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வேணாம். நான் வந்தா புள்ளைக்குத்தான் கஷ்டம்."

"என்ன கஷ்டம்?"

"என்கிட்ட அவ குசுகுசுன்னுதான் பேசறா. பயம். அவ குரல் எப்படியிருக்கும்னே எனக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். துணி மடிப்புக்குள் விட்டுப்போன குண்டூசி மாதிரி அந்த வார்த்தை வாரம் முழுக்கத் திரைக்காரியைக் குத்திக்கொண்டே இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் குத்தியது.

அவர் சொன்னதில் பொய்யில்லை. பேக்கரியில் அவருக்கு ராத்திரி வேலை. ஊர் தூங்கும்போது அடுப்புக்கு முன்னால் நிற்பார். ஊர் விழிக்கும்போது வந்து படுப்பார். அவர் படுக்கும் பின்னறைக்குத் திரைக்காரி தன் கையாலேயே கனத்த திரை தைத்துப் போட்டிருந்தாள். வெளிச்சம் வராது. சத்தத்துக்குத் திரை கிடையாதே, அதனால் சத்தத்தை அவளே நிறுத்தினாள். பாத்திரத்தைப் பஞ்சு மாதிரி வைத்தாள். கதவுக் கீல்களுக்கு வாரம் தவறாமல் எண்ணெய் விட்டாள். பட்டாணி 'அம்மா' சொல்வதற்கு முன்பே உதட்டில் விரல் வைத்து 'ஷ்ஷ்' சொன்னாள்.

இத்தனைக்கும் பள்ளியில் பட்டாணியின் தொண்டையைப் பற்றி டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டனுப்பிச் சொல்லியாகிவிட்டது. தெருவில் அவள் கூப்பிட்டால் கடைசி வீட்டு நாய் எழுந்து நிற்கும். வாசற்படி தாண்டி உள்ளே வந்ததும், அந்தக் குரலைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றிவிடுவாள்.

மேசையின் மேல் முகாம் அலுவலகம் அனுப்பிய மூன்று மடிப்புத் தாள்கள் விரிந்து கிடந்தன. மூன்று முகாமும் அந்த ஒரே அலுவலகத்தின் கீழ்தான். இடம் வேண்டுமென்றால் கடிதம் எழுத வேண்டும். இன்றைய தபால் முத்திரை விழுந்தால்தான் விடுமுறைக்கு இடம் கிடைக்கும். திரைக்காரி கடிதத்தை நேற்றே எழுதிவிட்டாள். எந்த முகாம், எத்தனை பேர் என்ற இரண்டு இடங்களை மட்டும் காலியாக விட்டிருந்தாள். மாலையில் தபால் எடுப்பதற்குள் நிரப்பியாக வேண்டும்.

முதல் இடம் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டாவதுதான்.

"ஏரிக்கரைதான், வேற பேச்சே இல்ல" என்று ஆரம்பித்தான் மாமா. "காலைல கண்ணைத் திறந்தா தண்ணி. பட்டாணிக்கு அங்கயே நீச்சல் சொல்லிக் குடுத்துடுவேன்."

"நீ கார் சொல்லிக் குடுக்கற லட்சணம் போதும், டிரைவரே" என்றாள் அத்தை. "நாலு வயசுக்கு முழங்கால் தண்ணியே கடல்."

"உங்களுக்கு எதைப் பாத்தாலும் மாவுக்கட்டு நெனப்புதான் அக்கா."

"கட்டுப் போட்டுப் போட்டு என் கை ரேகையே அழிஞ்சு போச்சு. அதுல பாதி, நீ லைசென்ஸ் வாங்கிக் குடுத்த ஆளுங்க."

மாமாவின் கால் தரையை அழுத்தியது.

"ஏரிக்கு வேலி இல்ல" என்றார் ரொட்டிக்காரர், கண்ணைத் திறக்காமல். ஏரிக்கரையை அத்தோடு மடித்து வைத்தார்கள்.

அடுத்தது தோப்பு முகாம். அது அத்தையின் கட்சி. "கூடாரத்துக்குப் பக்கத்துலயே கக்கூஸ். ராத்திரி முழுக்க அங்க விளக்கு. வெந்நீர் உண்டு. முதலுதவி அறை உண்டு. குழந்தைங்களுக்குத் தனியா மணல் போட்ட இடம். அதுக்கும் மேல, பொழுது சாய்ஞ்சா யாரும் சத்தம் போடக் கூடாதுன்னு சட்டமே வச்சிருக்கான். ஊசி விழுந்தா கேக்குமாம்."

திரைக்காரிக்கு அது பிடித்திருந்தது. சத்தமில்லாத இடம் என்றால் அவர் வந்தாலும் வருவார். "எனக்கும் இதுதான் தோணுது அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கணவர் முகத்தைப் பார்த்தாள்.

"எறும்பு இருக்கும்" என்றார் அவர்.

"எறும்பு இல்லாத மரத்தை நீ எங்கடா பாத்த?" என்றாள் அக்கா.

"அதில்ல. அவ்வளவு அமைதியான இடத்துல ராத்திரி புள்ள முழிச்சு அழுதா, அத்தனை கூடாரத்துக்கும் கேக்கும்."

"அவ ஏன் அழணும்?"

அவர் சட்டையிலிருந்த மாவைத் தட்டினார். ஜன்னல் வெயிலில் அது புகைபோல எழுந்து, கீழே இறங்க மனமில்லாமல் வெகுநேரம் மிதந்தது. மேசைக்கடியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு அதைப் பிடிக்கப் பார்த்தது. பிறகு, யாருடைய மாவு என்று நினைவு வந்ததுபோல, உள்ளே போய்விட்டது.

திரைக்காரிக்கு அப்போது விளங்கியது. அவர் குறை சொன்னது ஏரியையும் அல்ல, எறும்பையும் அல்ல. உலகத்திலேயே அழகான ஒரு முகாமைக் கொண்டுவந்து காலடியில் வைத்தாலும் அதிலும் ஏதாவது இருக்கும். இருட்டில், நடுவே சுவரோ கதவோ இல்லாத துணி வீட்டுக்குள், இந்த ஆள் யார் என்று குழந்தை அழுதுவிடுமோ என்பதுதான் அவருடைய எறும்பு.

"மூணாவதைப் படிடா" என்றாள் தம்பியிடம்.

மாமா படித்தான். "'அருவி முகாம். அருவி பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் உள்ளது. நடுவில் உயரமான கம்பிவேலி உண்டு. குழந்தைகளுக்கு ஏற்ற இடம். ஆயினும் இரவும் பகலும் இரைச்சல் ஓயாது. மெல்லப் பேசுபவர்கள் சிரமப்படலாம்.'"

"சிரமப்படலாமாமே!" என்று அத்தை கைப்பையைத் தட்டிச் சிரித்தாள். "இதை எழுதினவனுக்கு வேலை போயிருக்கும்."

"நேர்மையான ஆளுதான் அக்கா. எங்க ஆபீஸ்ல சேத்துக்கலாம்."

"உங்க ஆபீஸ்ல நேர்மையா எழுதினா ஒருத்தனும் வண்டி ஓட்ட வரமாட்டான்."

திரைக்காரியும் சிரித்தாள். அந்தத் தாளைத் தள்ளி அதன் மேல் அளவு நாடாவை வைத்தாள். தூங்க வேண்டிய மனிதரை இரைச்சலுக்குள் கூட்டிப் போவதாவது.

பேச்சு அதற்கு மேல் நகரவில்லை. "சரி, முதல்ல இந்தக் கூடாரம் நிக்குதான்னு பாப்போம்" என்று மாமா எழுந்தான். மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். கூரை போனதும் பட்டாணி துணித் துண்டுகளை வாரிக்கொண்டு தையல் இயந்திரத்துக்குப் பின்னால் குடிபெயர்ந்தாள். திரை மாட்டும் கம்பிகளையே கால்களாக வைத்து, நாலு மூலைக்கும் கனம் வைத்து நிறுத்தினார்கள். கூடாரம் அழகாகவே நின்றது. கறுப்புத் துணி, நேரான தையல், ஒரு சுருக்கம் இல்லை.

அத்தை தலையை உள்ளே விட்டாள். "ஏம்மா! என் கையே எனக்குத் தெரியலையே!"

மாமாவும் புகுந்து பார்த்துவிட்டு வந்தான். "உள்ள உக்காந்தா இன்னும் கொஞ்ச நேரத்துல நாடகம் ஆரம்பிச்சிடும்போல."

திரைக்காரிக்கு முகம் விழுந்துவிட்டது. அரங்கத் திரைக்கு உள்துணி அது. ஊசித் துளை வெளிச்சம்கூடப் புகாது என்பதுதான் அவள் கைவேலைக்குப் பேர். தையல் விழும் இடத்தில் இரண்டு மடிப்பு வைப்பாள், ஓரத்தில் இன்னொரு மடிப்பு. யோசிக்காமல் கை வழக்கப்படி தைத்துவிட்டாள். வெளிச்சம் வர வேண்டிய கூடாரம் இப்போது பட்டப்பகலில் வீட்டு நடுவே வெட்டிவைத்த ஒரு துண்டு ராத்திரி மாதிரி நின்றது.

"குழந்தை படுக்கறதுக்கு இப்படியா தைப்பாங்க" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ரொட்டிக்காரர் முதல் தடவையாகக் கண்ணை முழுசாகத் திறந்தார். "உள்ள இருட்டா?"

"கும்மிருட்டு அத்தான்" என்றான் மாமா.

"நான் பாக்கறேன்."

மண்டியிட்டு உள்ளே போனார். பாதம் இரண்டும் வெளியே தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் அவையும் உள்ளே போயின. எல்லாரும் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து சீரான குறட்டை கேட்டது.

"பாத்துட்டான்" என்றாள் அத்தை.

மாமாவுக்கு ஒரு மாணவி காத்திருந்தாள். "இன்னிக்கு ரிவர்ஸ் எடுக்கறோம், தெருவுல யாரும் நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அத்தைக்குச் சாயங்காலம் டியூட்டி. தம்பியின் கட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று பின்னறையில் போய்ச் சாய்ந்தாள்.

வீடு மெல்ல அடங்கியது. நடுப்பகல் அந்த வீட்டில் எப்போதுமே அப்படித்தான். வெயில் ஜன்னல் வழியாக இறங்கித் தரையில் நீளமாகப் படுக்கும். குழாய் சொட்டாது. கடிகாரத்தைக்கூடத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருந்தாள் திரைக்காரி. தெருவின் சத்தங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல எங்கோ தொலைவில் கரைந்தன. அவள் ஊசியில் நூல் கோத்து ஒரு ஜன்னல் திரைக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்தாள். ஊசி போய் வந்தது. கறுப்புக் கூடாரம் மூச்சுவிடுவதுபோல மெல்லப் புடைத்துத் தணிந்தது. அது காற்றா, உள்ளே தூங்குபவரா என்று சொல்ல முடியவில்லை.

பட்டாணி தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

அம்மாவைப் பார்த்தாள். கூடாரத்தைப் பார்த்தாள். பாதத்தின் நுனியில் நடந்து போனாள். வாசல் துணியை இரண்டு விரலால் தூக்கினாள். அந்த இருட்டு அவளை எடுத்துக்கொண்டது.

திரைக்காரியின் ஊசி பாதியில் நின்றது. கூப்பிட வேண்டும் என்று ஒரு மனம் சொன்னது. இருட்டைப் பார்த்து வீறிட்டு அழுதால், அவர் விழித்து அந்த முகத்தைப் பார்த்தால், கடிதத்தில் நிரப்ப வேண்டிய எண் அந்த நிமிஷமே முடிவாகிவிடும். எழுந்தாள். ஆனால் கூப்பிடவில்லை. துணிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். வெளிச்சம் போகாத துணிதான். காதுக்கு அது ஒன்றுமில்லை.

வெகுநேரம் குறட்டை மட்டும்தான் கேட்டது. பிறகு குறட்டை நின்றது.

"யாரு?" என்றது அவர் குரல்.

"நான்தான்." காற்று மாதிரி ஒரு குசுகுசுப்பு.

அவர் அசைந்து இடம் விடும் சத்தம். 

"அப்பா. இது உங்க ராத்திரியா, என் ராத்திரியா?"

"தெரியலையேம்மா." அவரும் குசுகுசுத்தார். "நீயே சொல்லு."

"ரெண்டு பேருக்கும்னு வச்சுக்கலாமா?"

"வச்சுக்கலாம்." கொஞ்சம் பொறுத்து, "பயமா இருக்கா?"

"இல்ல. இருட்டு சாதுவாத்தான் இருக்கு."

"என்னைப் பாத்தா?"

"உங்களைப் பாத்தா எதுக்குப் பயம்?"

"பின்ன ஏன் எங்கிட்ட மட்டும் இப்படி மெதுவாவே பேசற?"

துணிக்கு வெளியே திரைக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் போட்டா நீங்க அமுங்கிடுவீங்க" என்றாள் பட்டாணி. இது தெரியாதா என்ற தொனி அதில் இருந்தது.

"அமுங்கிடுவேனா?"

"நீங்கதான சொன்னீங்க. பேக்கரில. துணிக்கடியில மாவு தூங்குது, கதவைப் படார்னு சாத்தாத, அமுங்கிடும், அப்புறம் எழும்பாதுன்னு. நீங்களும் போர்வைக்குள்ள அப்படித்தான் தூங்கறீங்க. மேல எழும்பி எழும்பி இறங்கறீங்க. நான் கதவு வழியா பாப்பேனே."

கூடாரம் புடைத்துத் தணிந்தது. இந்த முறை அது காற்று இல்லை.

திரைக்காரிக்கு நினைவு வந்தது. போன வருஷம் ஒரே ஒரு நாள் குழந்தையை அவர் பேக்கரிக்குக் கூட்டிப் போயிருந்தார். மாவு பொங்குகிற அறையைக் காட்டினார். வீட்டுக்கு வந்த பட்டாணி அன்றிலிருந்துதான் பாதத்தின் நுனியில் நடக்க ஆரம்பித்தாள். புத்திசாலிப் பெண், சொன்னதைக் கேட்கிறாள் என்று இவளும் பெருமைப்பட்டாள். ஒரு வருஷமாக அந்தக் குழந்தை, தன் அப்பா அமுங்கிப் போகாமல் காவல் காத்திருக்கிறது.



"பட்டாணி. நான் மாவு இல்லம்மா. வெந்த ரொட்டி. அடுப்புலேர்ந்து இறக்கியாச்சு. இனிமே என்ன பண்ணாலும் அமுங்க மாட்டேன்."

"நெசமாவா?"

"ரொட்டி வெந்துடுச்சான்னு நாங்க எப்படிப் பாப்போம் தெரியுமா? தட்டிப் பாப்போம். காலி டப்பா மாதிரி சத்தம் வரணும். இங்க தட்டு."

ஒரு சின்ன முஷ்டி நெஞ்சில் தட்டுவது கேட்டது. மறுபடி தட்டினாள். காதை வைத்துப் பார்த்திருப்பாள்போல.

"வெந்துடுச்சு" என்று தீர்ப்புச் சொன்னாள்.

"அப்ப சத்தமா ஒண்ணு சொல்லேன். உன் குரலை நான் கேக்கணும்."

பட்டாணி மூச்சை இழுத்தாள். வெளியில் திரைக்காரியும் சேர்ந்து இழுத்தாள். வந்தது என்னவோ பழைய குசுகுசுப்புதான்.

"வரல அப்பா. இந்த வீட்டுல வராது. இது ஷ்ஷ் வீடு."

 சற்றுக் கழித்து இரண்டு மூச்சுகள் கேட்டன. ஒன்று பெரியது, இன்னொன்று அதைத் துரத்திக்கொண்டு ஓடும் சின்னது. நடுப்பகலுக்குள் இருந்த அந்த ராத்திரியில் அப்பாவும் பெண்ணும் முதல் தடவையாக ஒரே நேரத்தில் தூங்கினார்கள். திரைக்காரி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தரையில் கிடந்த வெயில் நகர்ந்து நகர்ந்து அவள் மடிக்கு வந்தது, பிறகு மடியைத் தாண்டிப் போயிற்று.

அத்தை எழுந்து டியூட்டிக்குத் தலைவாரிக்கொண்டிருந்தபோது ரொட்டிக்காரர் கூடாரத்திலிருந்து தவழ்ந்து வெளியே வந்தார். தலைமுடி ஒரு பக்கமாக எழும்பி நின்றது. பகல் வெளிச்சத்தை எங்கோ பார்த்த முகத்தைப் பார்ப்பதுபோலச் சந்தேகத்தோடு பார்த்தார். நேராக மேசைக்குப் போய், அளவு நாடாவைத் தள்ளி, அடியிலிருந்த தாளை எடுத்தார்.

"இங்க போலாம்" என்றார்.

"அருவிக்கா?" என்றாள் அத்தை. "டேய், அது ஓயாத இரைச்சல்னு அவனே எழுதியிருக்கான்."

"அதான் வேணும். அங்க கத்தினாத்தான் பேசவே முடியும்."

அத்தை தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளை வாங்கி, நோயாளியின் எக்ஸ்ரே படம் பார்ப்பதுபோல ஜன்னலுக்கு நேரே பிடித்துப் படித்தாள். "வேலி இருக்கு. கக்கூஸ் பக்கம். முதலுதவி அறை இருக்கு. கல்லு கரடு இல்லாத புல்தரைன்னு போட்டிருக்கான்." பெருமூச்சு விட்டாள். "சரி, விழுந்தாலும் புல்லுலதான் விழும்."

திரைக்காரிதான் கேட்டாள். "அந்த இரைச்சல்ல உங்களுக்குத் தூக்கம் வருமாங்க?"

"எனக்கா? மாவு பிசையற மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டே தூங்கியிருக்கேன். இடி விழுந்தாலும் தூங்குவேன்."

அவள் கையிலிருந்த துணி நழுவியது. "அப்ப இத்தனை வருஷமா நான் வீட்டை இப்படி..."

 கீல்களுக்கு விட்ட எண்ணெய், துணி சுற்றிய கடிகாரம், குழந்தையின் உதட்டில் வைத்த விரல் எல்லாம் வரிசையாக அவள் முன்னால் வந்து நின்றன.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" என்றாள். கோபமா, அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீ எனக்காகத்தான் செஞ்ச. வேணாம்னு சொல்ல மனசு வரல." அவர் தரையைப் பார்த்தார். "அதுவுமில்லாம, நான் தூங்கறதை யாரோ அவ்வளவு அக்கறையா பாத்துக்கறாங்கன்னு நெனச்சா நல்லாத்தான் இருந்துச்சு."

"ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு தந்தியில குடும்பம் நடத்தறீங்க" என்றாள் அத்தை, கொண்டை ஊசியைப் பல்லில் கடித்தபடி. "இதுக்கு என் வார்டே தேவலாம். வலிச்சா கத்துவாங்க."

திரைக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிதத்தை எடுத்தாள். முதல் காலி இடத்தில் 'அருவி முகாம்' என்று எழுதினாள். பேனாவை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒரு வாரமாக இந்த இடத்துக்கு வரப் பயந்துகொண்டிருந்தாள்.

"எத்தனை பேர்னு போடட்டும்?"

"நீ, நான், அவ" என்றார் ரொட்டிக்காரர், வெகு சாதாரணமாக. "மூணு."

அத்தை தொண்டையைக் கனைத்தாள். "நான் என்ன, கணக்குலயே இல்லையா?"

"உங்களுக்கு டியூட்டி இருக்குமே அண்ணி."

"போன வாரமே லீவு எழுதிக் குடுத்தாச்சு. விழறதுக்கு ஒரு புள்ளை, தூக்கறதுக்கு ஆள் வேணாமா? அந்த டிரைவரையும் சேத்துக்கோ. வண்டி யார் ஓட்டறது?"

பெரியவர்கள் நாலு, குழந்தை ஒன்று என்று எழுதினாள் திரைக்காரி. எழுதிய பிறகும் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. யோசித்து, அழகான கையெழுத்தில் நிதானமாகச் சேர்த்தாள்:

'ஐயா, மற்றவர்கள் தங்களிடம் இரைச்சல் குறைவான இடமாகப் பார்த்துக் கேட்பார்கள் என்று நினைக்கிறேன். எங்களுக்கு, வேலிக்கு இந்தப் பக்கம், எங்கே நின்றால் அருவிச் சத்தம் மிக அதிகமாகக் கேட்குமோ அந்த இடத்தைத் தர வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் இருவர் பேசிப் பழக வேண்டியிருக்கிறது. கூடாரம் நாங்களே கொண்டுவருகிறோம். அது மிகவும் இருட்டாக இருக்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம்.'

ரொட்டிக்காரர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "கடைசி வரி எதுக்கு?"

"நடுப்பகல்ல உள்ளேர்ந்து குறட்டை வந்தா அவங்க என்ன நெனப்பாங்க?"

அவர் சிரித்தார். அதே நேரம் மேசை மேல் இருந்த அவர் போன் அதிர ஆரம்பித்தது. பேக்கரி முதலாளி. இந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே கிடையாது. திரைக்காரி கடிதத்தை மடித்து உறையில் போட்ட கையோடு நின்றாள். ரொட்டிக்காரர் போனைப் பார்த்தார். எடுக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். துணி வழியாக அது விர்ர் என்று அதிர்ந்து ஓய்ந்தது.

"நீ ஒட்டு" என்றார்.

அவள் பசை தடவி, நகத்தால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினாள். துணியானாலும் தாளானாலும் அவள் ஒட்டினால் பிரியாது.

தபால் பெட்டி தெருமுனையில் இருந்தது. தூக்கக் கலக்கம் தீராத பட்டாணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவரும் கூடவே வந்தார். சாயங்கால வெயில் தெருவை மஞ்சளாக நனைத்திருந்தது. இஸ்திரி போடுகிறவர் பெட்டியைத் தூக்கிய கையோடு பார்த்தார். "என்ன ரொட்டிக்காரரே, பகல்ல உங்களை நான் பாத்ததே இல்லையே. நிழல் எல்லாம் விழுதே உங்களுக்கு!"

"இன்னிக்குத்தான் வாங்கினேன்" என்றார் ரொட்டிக்காரர்.

பட்டாணி அவர் காதோரம் ஏதோ சொன்னாள். இன்னும் குசுகுசுப்புதான். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

தபால்காரர் பையோடு வந்து பூட்டில் சாவியைப் போட்டுக்கொண்டிருந்தார். "இருங்க, இருங்க!" என்று திரைக்காரி ஓடினாள். கத்திய பிறகுதான், அது தன் குரல் என்று உறைத்தது. உறையைக் கையிலேயே கொடுத்தாள். அவர் அதைப் புரட்டி விலாசத்தைப் படித்து, மற்றவற்றோடு சேர்த்துப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினார்.

"இன்னிக்கு முத்திரைதானே விழும்?"

"இன்னிக்குத்தாம்மா."

பை சைக்கிளில் ஏறியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கணவர் பக்கம் திரும்பினாள்.

"பேக்கரில லீவு சொல்லிட்டீங்கல்ல?"

சட்டைப் பையில் போன் மறுபடி அதிர்ந்தது. தோளில் கிடந்த பட்டாணி என்ன சத்தம் என்று தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இல்ல" என்றார் ரொட்டிக்காரர். "இனிமேதான் சொல்லணும்."

தபால்காரர் பெடலை மிதித்தார். கடிதம் போய்விட்டது.